ரத்தம் எடுக்கும் முன் பேசச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, பட்டறைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் தாராவித் தோழர்களே, அண்ணாச்சியின் துணைவியார் மதினி பார்வதியம்மாள் அவர்களே, வணக்கம்.

மாரடைப்பால் நம்மை விட்டுப் போன நம் தோல் தொழிலாளர் சங்கச் செயலாளர் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியைப் பற்றித் துணைத்தலைவியாகிய நான் என்ன சொல்வேன்! தண்ணீர்க் குழாய்க்காக அவர் நடந்த நடையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

போன ஆண்டு ஒரு நிறுவனம் புராஸ்டேட் புற்றுநோய் முகாம் நடத்த வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கெல்லாம் இலவச ரத்தப் பரிசோதனை. எல்லாரும் கைதட்டினோம். அண்ணாச்சி மட்டும் எழுந்தார்.

"இதுல உள்ள நல்லது கெட்டது ரெண்டையும் டாக்டர் மொதல்ல சொல்லட்டும். பொறவு ரத்தம் எடுக்கட்டும்."

"ஃபுகட்ல, காசில்லாம பாக்கான், அதையும் கெடுக்கீரே!" என்று பின்வரிசையில் கத்தினார்கள்.

கோபப்பட்டாரா? இல்லை. மைக்கைப் பிடித்தார். பெண்கள் நாங்களும் இருந்த அந்தச் சபையில் சொன்னார்:

"எனக்கும் இப்படி ஒரு முகாம்லதான் பாத்தாவ. பொறவு சதை எடுத்துச் சோதிச்சாவ. சின்னக் கட்டி, மெதுவா வளருறது, அறுக்காம கவனிச்சுக்கிட்டே வரலாம்னாரு டாக்டர். புத்துநோய்னு கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அறுத்துருங்கன்னுட்டேன். இன்னிக்கு மூத்திரம் நிக்காம, பேட் கட்டிக்கிட்டு ஒங்க முன்னால நிக்கேன்."

எந்த ஆண் இதைச் சபையில் சொல்வான்!

ஜெயினுலாப்தீன் பாய் எழுந்து கேட்டார்: "அப்போ பாக்க வேண்டாங்கீயளா?"

"அப்படிச் சொல்லவே இல்ல, பாய். ஒங்க வாப்பாவும் அண்ணனும் இந்தப் புத்துநோய்லதான் மவுத்தானாவ. ஒங்க எடத்துல நான் இருந்தா பாப்பேன். டாக்டர்ட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க."

கூட்டம் முடிந்ததும் மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நிமிர்ந்து நடந்து போனார்கள். அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பாய் பரிசோதித்துக்கொண்டார். வேகமாகப் பரவக்கூடிய கட்டி! சிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவர் யார்? அண்ணாச்சிதான். பாய் தேறிவிட்டார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். இதய நோயுள்ள வானமாமலைப் பெரியவரோ டாக்டரிடம் பேசிவிட்டு வேண்டாம் என்றார். "மனசு மாறுனா கூப்பிடுங்க பெரியப்பா, வாரேன்" என்று அவரையும் அதே அன்போடு அனுப்பிவைத்தார் அண்ணாச்சி.

தோழர்களே, அடுத்த மாதம் மறுபடியும் முகாம். அண்ணாச்சி இடத்தில் யார் பேசுவது என்று செயற்குழுவில் கேட்டோம். "நான் பேசுதேன்" என்று கைதூக்கினார் ஜெயினுலாப்தீன் பாய்.

மதினி, ஒவ்வொருவரிடமும் டாக்டர் உட்கார்ந்து பேசாமல் ஒருவர் கையிலும் ஊசி இறங்க விடமாட்டோம். வேண்டும் என்பவருக்கும், வேண்டாம் என்பவருக்கும் இந்தச் சங்கம் துணை நிற்கும். இது உங்கள் முன்னால் நாங்கள் தரும் வாக்கு!