கண்ணாடிக்காரம்மா

ஒரு கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி போடுவது என்பது சுலபமாகத் தெரிகிற விஷயமில்லை. அதிகமாகப் போட்டுவிட்டால், வந்த நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஹாலே அழுது வடியும். குறைவாகப் போட்டால், நம்மை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் வாசலோடு திரும்பிவிடுவார். நான் இருபத்திரண்டு வருடமாகப் பன்னிரண்டு போட்டுவந்தேன். பன்னிரண்டு போட்டால் ஒன்பது பேர் வந்தாலும் நிறைந்த மாதிரி இருக்கும்.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். நாற்காலியும் நடந்ததில் சேர்த்திதான், இன்ஸ்பெக்டர் அம்மா.

என் பெயர் காந்திமதி. வயது அறுபத்தொன்பது. விழுப்புரத்தில் தனியாக இருக்கிறேன். படித்தது நிலவியல், அதாவது மண்ணும் பாறையும். அரசு வேலையில் ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீர்மட்டம் அளந்து ஓய்வு பெற்றேன். எங்கள் வட்டார நிலவியலாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். உறுப்பினர்கள் அறுபத்து மூன்று பேர். போர்வெல்லுக்கு இடம் பார்க்கிறவர்கள், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள், குவாரிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர்கள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு காலை பத்தரைக்கு, ஸ்டேஷன் பக்கத்து மாடி ஹாலில் கூட்டம்.

சேரும்போது எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள், தன்னார்வப் பணிகளில் தவறாமல் கலந்துகொள்வேன் என்று. உறுப்பினர் சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த முகங்களைப் பிறகு பார்க்க முடியாது. "லேமினேட் பண்ணிக் குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

அந்தப் பணி என்ன என்று கேட்டீர்கள். திண்டிவனத்திலிருந்து வல்லம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கருங்கல் குவாரி இருக்கிறது. ஐம்பது அடிக்கு நேராக வெட்டிய சுவர். அதன் தலைமாட்டில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. வெடிப்பின் குறுக்கே, இரண்டு கரையையும் தொடும்படி ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டிவைப்போம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற மெல்லிய சில்லு, விரல் நீளம் இருக்கும். பாறை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சில்லு உடைந்துவிடும். மாதம் ஒரு முறை யாராவது போய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். யாராவது என்று விதியில் இருக்கிறது. நான்கு வருடமாக நான்தான் போனேன். "அடுத்த மாசம் யார் போறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டால் எல்லோருக்கும் அந்த நிமிடம் போனில் ஏதோ வந்துவிடும்.

எனக்கு முட்டி வலி. திண்டிவனத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மினி பஸ், இறங்கி ஒரு மைல் நடை. குவாரியில் அஞ்சம்மாள் என்று ஒருத்தி கல் பொறுக்கிப் போடுவாள். ஐம்பது வயது இருக்கும். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே குரல் கொடுப்பாள்.

"கண்ணாடிக்காரம்மா வந்துட்டாங்கடி. மேஸ்திரி கைல சொல்லு."

குடையைப் பிடித்துக்கொண்டு என்னோடு மேலே ஏறி வருவாள். மடியில் அவித்த வேர்க்கடலை வைத்திருப்பாள், மல்லாட்டை என்பாள். ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்விதான். "உடையலியேம்மா?" இல்லை என்றால், "அப்ப நிம்மதியா சோறு துன்னலாம்" என்பாள். அந்தச் சுவரின் அடியில்தான் உச்சி நேரத்தில் நிழல். எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். எங்கள் சங்கம் என்ன செய்கிறது என்று மாதா மாதம் அக்கறையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். உறுப்பினராகச் சேர்க்கத்தான் விதியில் இடமில்லை.

விதி என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் கண்டாச்சிபுரம் பக்கத்துக் குவாரி ஒன்றில், அப்போதுதான் சங்கத்தில் சேர்ந்திருந்த பிரவீன்குமார் ஒரு வெடிப்பைப் பார்த்துப் பயந்து, யாரையும் கேட்காமல் நேராக மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டார். பதினோரு நாள் வேலை நின்றது. கடைசியில் அது பாறையில் பிறவியிலேயே இருக்கிற கோடு. கூலி போனவர்கள் ஹால் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "எங்கூட்டு அடுப்ப உங்க சங்கம் வந்து எரிக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதன் பிறகு நான் ஒரு விதி எழுதினேன். எந்த எச்சரிக்கையும் பதிவேட்டில் எழுதப்பட்டு, ஒன்பது பேர் கூடிய கூட்டத்தில் வாசித்து, ஏற்கப்பட்ட பின்பே குவாரிக்குச் சொல்லப்படும். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் பதினோரு பேர் இருந்தோம்.

இந்த ஆகஸ்டில் தலைவர் நெடுஞ்செழியன் போன் செய்தார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. யாரும் வர்றதில்ல. சங்கத்தக் கலைச்சிட்டு வாட்ஸப் குரூப்பா வச்சிக்கலாம். எல்லாம் அதுலியே பேசிக்கினா போவுது."

"அதுல என்னங்க பேசறீங்க? காலையில பூப்படம் போடறீங்க."

"நவம்பர் கூட்டத்துல தீர்மானமா போட்டுடலாங்கக்கா."

"தீர்மானம் போட ஒம்போது பேர் வேணும்."

அவர் சிரித்தார். "கலைக்கறதுக்குன்னா வந்துடுவாங்கக்கா."

இந்தச் சிரிப்பைப் பற்றி நான் நிறைய யோசித்தேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை வழக்கம்போலக் குவாரிக்குப் போனேன். அஞ்சம்மாள் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க போய்க்கினே இருங்க, தோ வர்றேன்" என்று கை காட்டினாள். நான் மட்டும் மேலே ஏறினேன். சில்லு உடைந்திருந்தது. நடுவில், நேராக, இரண்டு துண்டாக. வெடிப்பு முன்னைவிட இரண்டு மில்லிமீட்டர் அகன்றிருந்தது.

எழுதச் சொன்னதால் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்கு முன் நாற்பத்தேழு மாதம், 'கண்ணாடி முழுமையாக உள்ளது' என்று நான் வாசித்தபோதெல்லாம் அவர்கள் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். இந்த மாதம் விட மாட்டார்கள். நான் எழுந்து நின்று வாசிப்பேன், இரண்டு துண்டையும் மேசைமேல் வைப்பேன், பிறகு கலைக்கிற பேச்சை யார் எடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

துண்டுகளைப் பெயர்த்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அதே இடத்தில் புதுச் சில்லு ஒட்டினேன். உடைந்ததை எடுக்காமல் பக்கத்தில் புதியதை ஒட்டுவதுதான் முறை என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் காட்ட எனக்குத் துண்டுகள் வேண்டியிருந்தன.

அன்று சாயங்காலமே பதிவேட்டில் எழுதினேன். பக்கம் நூற்றுப் பதினாறு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. குரூப்பில் செய்தி போட்டேன்: 'ஞாயிறு கூட்டத்தில் மிக முக்கியமான விஷயம் வாசிக்கப்படும். அனைவரும் அவசியம் வரவும்.' முப்பத்தோரு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். பிரவீன்குமார் மட்டும் போன் செய்தார்.

"என்ன மேடம், சஸ்பென்ஸ் வச்சிருக்கீங்க?"

"வாப்பா, வந்தா தெரிஞ்சிடும்."

"சண்டே பெரிய பேஜாரு மேடம். மச்சான் கொழந்தைக்குக் காதுகுத்து, மாமன் நான் இல்லன்னா கலாட்டா ஆயிடும். போன்லயே சொல்லிடுங்களேன்."

"போன்ல சொல்ற விஷயமில்லப்பா."

"குவாரி விஷயமா மேடம்?"

"கூட்டத்துக்கு வா, சொல்றேன்."

அந்த ஞாயிறு பன்னிரண்டு நாற்காலிக்குப் பதிலாக இருபது போட்டேன். வடை சொல்லிவைத்தேன். வந்தது என்னையும் சேர்த்து நாலு பேர். எண்பத்தொரு வயது பிரான்சிஸ் சார் வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்தார். நெடுஞ்செழியன் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்தில் இருப்பதாகப் படம் அனுப்பியிருந்தார். பதினொன்றே கால் வரை பார்த்தோம்.

"என்னம்மா அந்த முக்கிய விஷயம்?" என்று பிரான்சிஸ் சார் கேட்டார்.

"ஒம்போது பேர் சேரல சார். அடுத்த மாசம் வாசிக்கறேன்."

"அப்படியா. சரி, வட நல்லா இருந்துச்சி."

பதிவேட்டை, துண்டுகள் சுற்றிய கைக்குட்டையோடு, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மீந்த வடையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள் ஆயிற்று, அந்த எண்ணெய் வாசனை பையை விட்டுப் போக.

பிறகு ஏன் சும்மா இருந்தேன் என்று நீங்கள் நாலு தடவை கேட்டீர்கள். சும்மா இருக்கவில்லை. கணக்குப் போட்டேன். வெடிப்பு அகன்ற வேகம், பாறையின் சாய்வு, ஐப்பசி மழை உள்ளே இறங்க ஆகும் நாள், எல்லாம் சேர்த்து, அந்த ஞாயிறிலிருந்து ஐந்து வாரம் தாங்கும் என்று வந்தது. நவம்பர் கூட்டம் சரியாக அதற்குள் வந்துவிடும். கலைப்பதற்கென்று எல்லோரும் வருவார்கள், ஒன்பது பேர் சேர்ந்துவிடும், அப்போது வாசிக்கலாம். முதல் மழையன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே ஐந்து வாரம்தான் வந்தது. குவாரி மேஸ்திரி பச்சைமுத்துவின் நம்பர் என் போனில் இருந்தது. இருந்தது என்பதை மறுக்கவில்லை.

மூன்று வாரம்தான் தாங்கியது. தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள், மத்தியானம் ஒன்றே காலுக்குச் சுவர் இறங்கியது. ஜல்லி லாரி பிழைத்தது. நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் அடியில் போனார்கள். துளை போடுகிற மாரியப்பன், புதிதாக வேலைக்கு வந்திருந்த அருணா, அஞ்சம்மாள். செய்தி எனக்குக் குரூப்பில்தான் வந்தது. யாரோ போட்ட பூப்படத்துக்குக் கீழே இருந்தது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு எங்கள் கூட்டத்துக்கு நாற்பத்தோரு பேர் வந்தார்கள். என்னிடம் இருந்தது இருபது நாற்காலி. கீழே டெய்லர் கடையில் வாங்கிப் போட்டும் பதினைந்து பேர் நின்றார்கள். இரண்டு நிமிடம் மௌனம் என்று நெடுஞ்செழியன் சொன்னார். ஒரு போன்கூட அடிக்கவில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை.

ஒன்பது பேருக்கு மேல் இருந்ததால் நான் எழுந்து பக்கம் நூற்றுப் பதினாறை வாசித்தேன். கைக்குட்டையைப் பிரித்து இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்தேன். என்ன தேதி என்று யாரோ கேட்டார்கள். மறுபடி வாசித்தேன்.

பிரவீன்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடம், நான் கேட்டேனே. குவாரியான்னு போன்லயே கேட்டேனே மேடம்."

"கூட்டத்துக்கு வான்னு சொன்னேனேப்பா."

நெடுஞ்செழியன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. "ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். விதியை எடுத்துக் காட்டினேன். அதில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அதன் பிறகுதான் யாரோ உங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். கலைக்கிற தீர்மானத்தை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பச்சைமுத்து உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அக்டோபர் முதல் சனிக்கிழமை அஞ்சம்மாள் மேலே ஏறிப் போய்க் கண்ணாடியைத் தன் கண்ணால் பார்த்தாளாம். பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தாளாம். அது எப்படி என்று கேட்டீர்கள். நேற்று நான் ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது.

நான் புதுச் சில்லை ஒட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வந்ததும் குடையை என் தலைக்கு மேலே பிடித்தாள்.

"உடையலியேம்மா?"

"நீயே பாரேன்."

குனிந்து பார்த்தாள். "என்னாம்மா, புச்சு மாதிரி பளபளன்னு கீது."

"தொடச்சி வச்சேன்."

"அதான பாத்தேன். மழ வரப்போவுதே, தாங்குமான்னு பசங்க பயந்துக்கினு கெடக்கறாங்க. போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு."

அவள் அப்போதே உண்மையைக் கேட்டுக்கொண்டு இறங்கியிருந்தால், நான் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. இதை உங்களால் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வேகமாக இறங்கிப் போனாள். நான் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். பிறகு சாப்பாட்டுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு சுவரடி நிழலுக்குப் போனார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை ஒருத்தி அப்படியே நம்பி, போய் நாலு பேரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.