மயால்ஜியா என்றால்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்குக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரு சயாம் ரயில் வேலைக்குப் போயிட்டாருக்கா,” என்றாள் இளையவள். “ஜப்பான்காரங்க என் கொழுந்தனைத்தான் கூப்பிட்டாங்க. அவனுக்குப் பதிலா இவரு லோரில ஏறிட்டாரு.”

“அங்க போனவங்க திரும்பறதில்லையே. ஏன் போனாரு?”

“அவருக்குத்தான் பெரிய வியாதியாச்சே. எப்படியும் சாகப்போற உடம்பு, தம்பியாவது பொழைக்கட்டும்னு சொன்னாரு.”

“என்ன வியாதி?”

“மயால்ஜியா. முதுகும் தோளும் வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப மருந்து குடுக்கிற டிரஸர் சொன்னாரு.”

மூத்தவள் அவளை நேராகத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும் அதையேதான் சொன்னாரு,” என்றாள். “பயந்துபோய் என்னன்னு கேட்டேன். சதை வலிக்கு டாக்டருங்க வெச்ச பேரு லா அது. தோட்டத்துல வேலை செய்யிற எல்லாருக்கும் வருமாம். தைலம் தேய்க்கச் சொன்னாரு. கொஞ்ச நாள்ல போயிடுச்சு.”

இளையவளின் கையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது. வரிசை நகர்ந்தும் அவள் நகரவில்லை.

“நாங்க கேக்கவே இல்லையேக்கா,” என்றாள்.

மூத்தவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இளையவள் தடுத்தாள்.

“மெதுவாப் பேசுங்க. அந்தா, அங்க கிழங்கு அள்ளிப் போடுறது என் கொழுந்தன்தான். இது அவன் காதுல விழவே கூடாது.”