எவராலும் ஊகிக்க இயலாத எண்களை ஈந்த எங்கள் குலுக்கல் அக்காவுக்கு

கர்னலின் காவலரே! கள்வரின் கணக்கைக் கலைத்தவரே! ‘குலுக்கல் அக்கா’ என்று நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் கோபிப்பதுபோல் நடித்து உள்ளுக்குள் குளிர்ந்தவரே! வணக்கம்!

இயங்குதளத்தின் கருவான கர்னலில், தகவலைப் பூட்டும் சாவிகளுக்கெல்லாம் தாயான எதேச்சை எண்களை அயலான் ஊகிக்காதபடி ஆக்குவதே உங்கள் அரும்பணி. விசை தட்டும் விரலின் தயக்கத்தையும் வட்டு சுழலும் வேகத்தின் தடுமாற்றத்தையும் சேர்த்துக் கலக்கி நாங்கள் காட்டினால், “இன்னும் கொஞ்சம் குலுக்குங்கப்பா, அடுத்த எண் எனக்கே தெரியுது” என்பீர்கள்.

ஆனால் எங்களை ஊகிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லையே, அக்கா! தாமதமாய் வருபவர் வாய்திறக்குமுன், “பஸ் பஞ்சர்னு சொல்லப்போறே, உட்காரு” என்பீர்கள். பிறந்தநாள் கேக்கை ஒளித்துவைத்தால் கத்தியோடு வந்து நிற்பீர்கள்.

ஒரே அச்சில் வார்த்த கருவிகள் முதன்முதலாய் உயிர்பெறும் கணத்தில், குலுக்க எதுவும் சேராமல், எல்லாம் ஒரே எண்ணை உமிழ்வதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். “ஒரு வீட்டுச் சாவி ஊருக்கெல்லாம் பொருந்தினா அது பூட்டா?” என்று கொதித்தீர்கள். குலுக்கப் போதுமானது சேரும்வரை எண் தராமல் காத்திருக்கும் திருத்தத்தை எழுதினீர்கள். “ஸ்டார்ட் ஆகவே இவ்வளவு நேரமா? யார் வாங்குவா?” என்று தள்ளிவிட்டார் இயக்குநர். நீங்கள் பொறுமையின் சிகரம் என்று எழுதினால் பொய்யாகும். அன்று நீங்கள் சாத்திய கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை. பிறகு அந்தக் காத்திருப்பைக் கண்ணிமைப்பொழுதாகச் சுருக்கியும் தந்தீர்கள். அதற்குப் பதிலே வரவில்லை.

சென்ற வாரம் பணி ஓய்வுக்காக மேசையைக் காலிசெய்தபடி, “இது ஒண்ணுதான் மனசுல கிடக்கு. போகட்டும் விடுங்க” என்றீர்கள். நீங்கள் வீடு சென்றதும் சோதனைக்கூடத்துக் கருவிகளையெல்லாம் அணைத்தணைத்து எழுப்பினோம். பழைய முறையில் எல்லாம் ஒரே எண்ணோடு பல்லிளித்ததையும் உங்கள் முறையில் ஒன்றுபோல் ஒன்று பிறக்காததையும் இயக்குநரின் கண்முன்னே காட்டினோம். பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?” சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்கே வெளிச்சம்!

பிரிவுபசாரப் பரிசு கைக்கடிகாரம் என்று நேற்றே ஊகித்துச் சொல்லிவிட்டீர்கள். சரிதான், அதுவும் உண்டு. ஆனால் இன்று காலை உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, அக்கா! அடுத்த வெளியீட்டிலிருந்து ஒவ்வொரு கருவியும் தனக்கே உரிய எண்ணோடு கண்விழிக்கும்.

நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! இனிவரும் நாள்கள், உங்களாலும் ஊகிக்க இயலாத இன்பங்களால் நிறைக!

உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, இதை ஊகித்தீர்களா?

உங்கள் குலுக்கலில் கலந்துபோன,
கர்னல் பிரிவுத் தம்பி தங்கையர்