ஸ்பிரிங் வரைக்கும்

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி மறைமலைநகர் கார் உதிரிபாகக் கம்பெனிச் சீருடையில் இருந்தான்.

“என் துப்பாக்கிய எதுக்குடா கழட்டின?”

கம்பியைப் பிடித்து நின்றவர் ஓர் அடி தள்ளி நின்றார்.

“நாளைக்கு உனுக்கு சுடற போட்டியாச்சே. தொடச்சி எண்ண போட்டுக் குடுக்கலாம்னுதான்க்கா.”

“பாயிண்ட் டூ டூ பிஸ்டலு, சைக்கிள்னு நெனச்சியா? லைசென்ஸு எம்பேர்ல கீது. என்ன ஒரு வார்த்த கேட்டியா? கட்டிலு மேல அத்தினியும் கொட்டி வெச்சிகீற.”

“கொட்டலக்கா. துண்டு விரிச்சி, கழட்ன வரிசைல அடுக்கி வெச்சிகீறேன்.”

“அப்ப திருப்பி மாட்டு. எனுக்கு சுடத்தான் தெரியும்.”

“ஸ்பிரிங்கெல்லாம் மாட்டிட்டேன்.”

“மீதி?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

“கம்பெனில எட்டு வருசமா எனுக்கு அது ஒண்ணுதான்க்கா வேல. ஸ்பிரிங்க மாட்டி, பக்கத்து ஆளுக்குத் தள்ளி வுட்ருவேன்.”

அடுத்த நிறுத்தத்துக்காகப் பேருந்து வேகம் குறைந்தபோது அக்கா கேட்டாள்.

“அந்தப் பக்கத்து ஆளு எந்த ஸ்டாப்புல ஏறுவான்?”