பிரெஞ்சு தெரிந்த பிள்ளைக்கு இடமில்லை

கனடாவில் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு, அம்மொழி தெரியாத பிள்ளைகளுக்கே உரியது. விதி அவ்வளவுதான். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த சரவணை ஊர்ப் பெண்ணின் கனடாத் தம்பி அதை வாசிக்கவில்லை.

"தம்பியின்ரை பெட்டை பாரிசிலை பிறந்தவள், அக்கா. பிரெஞ்சு தண்ணி மாதிரி. எண்டாலும் இஞ்சை முதலாம் வகுப்பு நேர்முகத்துக்குப் போற மாதிரி, ரியூசன் குடுத்து, பாட்டும் பாடமாக்கித்தான் கூட்டிக்கொண்டு போனவை."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த, வயதில் மூத்த பெண் கேட்டாள்: "பாடினவளோ?"

"மூண்டு பாட்டு. இவளுக்குத்தான் எல்லாம் தெரியுதே, சேர்க்க ஏலாது எண்டிட்டினம்."

"அப்ப பிரெஞ்சுக்காரற்றை பள்ளிக்கூடத்திலை விடுறது."

"அங்கை தாய் தேப்பன்ரை தாய்மொழி பிரெஞ்சோ எண்டு கேட்டவை. தம்பி தமிழெண்டு உண்மையை எழுதிப்போட்டான்."

"விசரன்."

"பேந்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு, மேலிடத்துக்கு முறையீடு எழுதினவன். ரெண்டு வருசத்திலை பெட்டைக்குப் பிரெஞ்சு மறந்துபோச்சு. ஏதும் கேட்டால் முழிக்கிறாள்."

"அப்ப இப்ப தகுதி வந்திட்டுது."

"ஓம், அக்கா. சேர்க்கலாமாம்."

"பதில் எப்ப வந்தது?"

"முந்தநாள். செத்தவைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிற ஆடி அமாவாசையண்டு."