கதவுக்கு இன்னும் வார்த்தை படிக்கவில்லை

ஹலோ... ஹலோ, சிட்டு... நான்தான், ஸ்பானிஷ் கிளாஸ்ல உன் பக்கத்துல உட்காருவேனே, அக்கா... ஆமா, ஆமா, நாளைக்கு டெஸ்ட் இருக்குல்ல, சேர்ந்து ஒப்பிச்சுப் பாக்கலாம்னு கூப்பிட்டேன்... உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... அதை எடுத்துட்டுக் காதுல வையேன், ஒண்ணுமே புரியல.

...வச்சிட்டியா? சரி. இப்போ நான் பேசுறது உனக்கு மட்டும்தான் கேக்கும். நீ தமிழ்ல எதுவும் சொல்லாத. பாடம் ஒப்பிக்கிற மாதிரியே பேசு. 'ஆமா'ன்னா சிம்பாத்திகோன்னு சொல்லு, இனிமையானவர். 'இல்ல'ன்னா அந்திபாத்திகோ, முசுடு. புரியுதா?... நல்லது. உன் வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்காரா?

...சிம்பாத்திகோ. ம். இருக்காரு. பயப்படாத.

நேத்து நீ சொன்னதை நினைச்சு எனக்குத் தூக்கமே வரல. வீட்ல இருக்கிற ஒருத்தரோட குணத்தைச் சொல்லுங்கன்னு டீச்சர் கேட்டாங்க. நாங்க எல்லாரும் அன்பானவர், உழைப்பாளின்னு அளந்து விட்டோம். நீ எழுந்து நின்னு செலோசோ, சந்தேகக்காரர், மெந்திரோசோ, பொய் சொல்றவர், வியோலெந்தோ, கை நீட்டுறவர்னு சொல்லிக்கிட்டே போனே. கிளாஸே சிரிச்சுது. பாடத்துல இருக்கிறதையெல்லாம் ஒப்பிக்கிறேன்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் பாத்ரூம்ல நீ தோள்பட்டைக் காயத்தைக் காட்டாம இருந்திருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்... அழாத. அழுதா ஏன்னு கேப்பாரு. ஏதாவது ஒரு வார்த்தையைச் சத்தமா சொல்லு...

...ஆங், அப்படித்தான். ஹெனெரோசோ. தாராள மனசுக்காரர். இன்னொரு தடவை சொல்லு, அவரு காதுல நல்லா விழட்டும்.

இப்போ கேளு. வெள்ளிக்கிழமை அவரோட விமானம் ஏறிட்டீன்னா, அவருக்கு மாத்தலாகியிருக்கிற அந்த ஸ்பானிஷ் ஊர்ல உனக்கு ஏன்னு கேக்க நாதி கிடையாது. அவரு ஆபீஸ்ல பொண்டாட்டியும் பேசக் கத்துக்கணும்னு சொன்னதாலதான் உன்னைக் கிளாஸுக்கே விட்டாரு. அங்க போனா அதுவும் இருக்காது. அதனால இன்னைக்கே. இப்பவே. உங்கம்மாகிட்ட பேசிட்டேன், சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. நான் கீழதான் இருக்கேன். எதிர்ப்பக்கம், மருந்துக்கடையைத் தாண்டி, என் தம்பி வண்டியில... ஜன்னல் பக்கம் திரும்பாதடி. திரும்பாத.

கதவு பூட்டியிருக்கா?... அந்திபாத்திகோ. அப்பாடா. வெறும் தாழ்ப்பாள்தானே?... சரி. உன் பொண்ணு குட்டி என்ன பண்றா?... என்னது? பெரெசோசாவா? சோம்பேறியா... ஓ, தூங்குறா. புரிஞ்சுது, புரிஞ்சுது. என்ன பண்றது, கதவு, சாவி, தூக்கத்துக்கெல்லாம் நமக்கு இன்னும் பாடம் போகல. ஆளுங்க குணத்தை வச்சே எல்லாத்தையும் பேச வேண்டியிருக்கு. வாசல் பக்கத்து ரூம்லதானே படுத்திருக்கா?... நல்லது.

ஃபோனை அவர்கிட்ட குடு. வீட்டுக்காரரைப் பத்தி எழுதணுமாம், அக்கா உங்ககிட்டயே கேக்கணுமாம்னு சொல்லு. நான் பேச்சை வளர்த்துக்கிட்டே இருக்கேன். தன் பெருமையைக் கேக்கக் கூப்பிட்டா எந்த ஆம்பளை ஃபோனை வைப்பான். நீ குட்டியைத் தூக்கிட்டு இறங்கு. பையெல்லாம் வேண்டாம். செருப்பைத் தேடாத.

...என்ன? கோபார்தேவா? கோழை. யாரு, நீயா?... நானும்தாண்டி. ரெண்டு கோழைங்களும் சேர்ந்துதான் இதைச் செஞ்சாகணும், வேற ஆள் இல்ல. குடு. ஃபோனைக் குடு.

...வணக்கம் சார்... ஆமாங்க, கூடப் படிக்கிறவதான்... இல்லைங்க, உங்க நேரத்தை ரொம்ப எடுத்துக்க மாட்டேன். வீட்டுக்காரரோட குணத்தைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க... அவளா? நல்லதாத்தான் சார் சொன்னா. ஹெனெரோசோன்னா தாராள மனசுக்காரர்... ஆமாங்க, உங்களைத்தான். அப்புறம் இந்தெலிஹெந்தே, புத்திசாலி... நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்... அடேங்கப்பா. எங்க டீச்சர் கேட்டா அசந்து போயிடுவாங்க...

— அணைக்காதடா, ஓடட்டும் —

...இல்ல சார், உங்களை இல்ல, தம்பிகிட்ட சொன்னேன். மோட்டார் ஓடுது, தொட்டி இன்னும் நிரம்பல... ஆமா, ஆமா. அடுத்து த்ரபஹதோர். கடும் உழைப்பாளி... உங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்வாங்களா? சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்... ம்... ம்... அப்போ மேனேஜரே உங்களைக் கேட்டுத்தான் செய்வாரா... ம்...

சரியா கேக்கலையா? இல்ல சார், ஜன்னல் பக்கம் வராதீங்க... வராதீங்கன்னா சொன்னேன்? போகாதீங்கன்னு சொன்னேன் சார். எங்க வீட்லயும் ஜன்னல்கிட்ட போனா விட்டு விட்டுத்தான் கேக்கும். அங்கயே நில்லுங்க, இப்போ கணீர்னு கேக்குது... ஆமா சார்... இல்ல சார், நான் ஏன் பதட்டப்படப் போறேன். நாளைக்கு டெஸ்ட்டு, அந்தப் பயம்தான்.

...அவளுக்கா? அவ குணத்துக்கும் வார்த்தை இருக்குங்க. என்ன வேணும்?... அடக்கமானவ. சொன்னதைக் கேட்டு நடக்கிறவ... இருக்கு சார், இருக்கு. ஒபெதியெந்தே. நீங்க சொல்லுங்க... ஒ-பெ-தி...

— வந்துட்டாடா. வெறுங்காலோட வர்றா பாரு. பின்கதவைத் திற —

...தியெந்தே. ஆமா சார். தொண்டை கட்டிக்கிச்சு, மன்னிச்சுக்குங்க. இன்னொரு தடவை சொல்லுங்க... கூப்பிடாதீங்க சார், பாத்ரூம்ல இருப்பா. இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாக்கி... ரொம்ப நல்ல வார்த்தை சார், உங்களுக்குன்னே... சார்?... குழந்தை ரூம்லயா?...

...சார்?

சிட்டு, லாரி வருதுடி, நில்லு. நில்லு... இப்போ வா. மேல பாக்காத. வா, வா, ஏறு. குட்டி தலை பத்திரம். காலை உள்ள இழு. தம்பி, எடுடா. எடு.

...கேக்குது. கத்தாதீங்க, குழந்தை பயப்படுது... ஆமா, என்கூடத்தான் இருக்கா... எங்கன்னு சொல்ல மாட்டேன். என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்...

சிட்டு, இதை நான் அணைக்கப் போறதில்ல. இந்தா, பிடி. அவர்தான் இன்னும் பேசிக்கிட்டு இருக்காரு... ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தச் சிவப்புப் பொத்தான். நீயே அமுத்துடி. நீயே...