நட்பு ஆட்டத்தில் காயம் இல்லை

நேரம் தவறாமை ஒன்றுதான் என்னிடம் இருக்கும் நல்ல பழக்கம். நீங்களே பார்த்திருப்பீர்கள். காலை பத்து மணிக்கு நீங்கள் அழைப்புமணியைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்திருக்கும், தேநீரும் தயாராக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நோயாளியின் முட்டிகள் எப்படி இறுகின என்று நேற்று கேட்டீர்கள். பயிற்சி அட்டையில் ஒரு நாள்கூட விடாமல் டிக் இருக்கிறதே என்றீர்கள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் லிஃப்ட் குழிக்குள் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவனுக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான், அவனும் தூங்க மட்டும் வருவான். நான் வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவன். ஒரு நாளில் நான் பேசுவதைவிட எங்கள் குக்கர் அதிகம் பேசும்.

படுக்கையில் கிடந்தவனுக்குப் பொழுது போக நான்தான் அந்தக் கால்பந்து மேலாளர் விளையாட்டைச் செல்பேசியில் போட்டுக் கொடுத்தேன். அதில் பந்தை நாம் உதைப்பதில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். விளையாட்டை நடத்துகிறவர்களின் லீக்கில் ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம். மீதி நேரமெல்லாம் அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் மேலாளர்கள் ஒருவரையொருவர் நட்பு ஆட்டத்துக்கு அழைக்கலாம். அதன் முடிவு எந்தப் பட்டியலிலும் ஏறாது, எந்த வீரனுக்கும் காயம் படாது. விதியே அப்படி. அந்த நட்பு ஆட்டங்களை வைத்தே பலர் தங்களுக்குள் தனி லீக் நடத்துகிறார்கள். நேரம் குறிக்கவும் புள்ளி எழுதவும் ஒரு செயலாளர் இருந்தால் போதும். நான் செயலாளர் ஆனேன்.

ஆள் வேண்டும் என்று அரட்டைப் பலகையில் அறிவித்தேன். ஒரு வாரம் ஈ காக்காய் வரவில்லை. யாராவது சேர்ந்தார்களா என்று அண்ணன் தினமும் கேட்பான். எட்டாவது நாள், ஒரு பேக்கரிக்காரர் சேர்ந்திருக்கிறார் என்றேன். பேக்கரிக்காரர் நான்தான். பிறகு ஒரு கப்பல் சமையல்காரர், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற பூகோள டீச்சர் ஒருவர் என்று ஏழு பேர் ஆனார்கள். ஏழு பேரும் நான். பழைய செல்பேசியில் இரண்டு பேர், மடிக்கணினியில் ஐந்து பேர். ஒருவருக்கு ஒரு அணிதான் என்பது அந்த விளையாட்டின் சட்டம். நான் செய்தவற்றில் சட்டப் புத்தகத்தில் இருக்கும் குற்றம் அது ஒன்றுதான்.

அதுவரை நல்ல எண்ணம்தான், அதை மட்டும் நம்புங்கள். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். தோற்றால் பல் டாக்டர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பல்லைப் பிடுங்குகிறவருக்கே பல்லைப் பிடுங்கிவிட்டேன் என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொல்வான். நான் கேட்டு ரசித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் டாக்டரின் கோபத்தைத் தட்டச்சு செய்வேன். நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

அப்போதுதான் நீங்கள் பிசியோதெரபி கொடுக்க வந்தீர்கள். முதல் வாரம் அவன் வலியில் அலறினான். இரண்டாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினொரு நொடி நின்றான். நீங்கள் கைதட்டினீர்கள். முகமெல்லாம் வேர்வையோடு அவன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டு மாசத்துல கிளம்பிடுவேன்டா. வேலைய எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க."

நானும் கைதட்டினேன். அன்று மாலையே லீக்கின் நேரத்தை மாற்றினேன். அதுவரை ஆட்டங்கள் மாலை நான்கு மணிக்கு. நட்பு ஆட்டம் நடக்க இரண்டு மேலாளர்களும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். கப்பலில் இருப்பவருக்குக் காலை பத்து மணிக்குத்தான் இணையம் கிடைக்கிறது என்று எழுதினேன். ஓட்டெடுப்பு நடத்தினேன். அண்ணன் தவிர ஏழு பேரும் பத்து மணி என்றார்கள்.

இன்னும் பத்து நிமிஷம், ஆட்டம் முடியட்டும் என்று சொல்லி உங்களை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, நான் சமையலறையில் பழைய செல்பேசியோடு நின்றேன். ஆட்டம் முடிந்து அவன் போனைக் கீழே வைக்கப்போகும்போது பேக்கரிக்காரர் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பார். உங்களுக்குப் பதினொரு மணிக்கு வேறொரு நோயாளி, கிளம்பிவிடுவீர்கள். பிறகு உங்களை ஆறு வாரம் வேறு கிளைக்கு அனுப்பினார்கள். இந்த ஆறு வாரம்தான் முக்கியம், விட்டால் கால் திரும்ப வராது என்று அட்டையை என் கையில் கொடுத்துப் போனீர்கள். ஒரு நாள்கூட நான் அவனைச் செய்யவைக்கவில்லை. டிக் மட்டும் போட்டு, வாராவாரம் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வலியில் இருப்பவனிடம் இன்றைக்கு வேண்டாம் என்றால் மறுக்கவா போகிறான். இன்றைக்கு மட்டும்தானே என்று நானும் தினமும் நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதற்கு ஏதாவது சமாதானம் தேடிப் பிடிக்கலாம். அடுத்ததற்கு இல்லை. என்னிடம் சொல்லாததையெல்லாம் அண்ணன் டீச்சரிடம் சொல்வான். ஒரு நாள் காலை டீச்சருக்கு இப்படி எழுதியிருந்தான்:

"வலி தாங்க முடியல டீச்சர், பயமா இருக்கு. ஆனா எந்திரிச்சே ஆகணும். என் தம்பி எனக்காக அவன் வாழ்க்கையையே நிறுத்தி வெச்சிருக்கான். நான் நடந்தாத்தான் அவன் வெளிய போவான்."

அடுப்பை அணைத்துவிட்டு அதை மூன்று தடவை படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது. போய் அவன் காலைப் பிடித்து மடக்கி நீட்டியிருக்க வேண்டிய நேரம் அது. நான் பதில் எழுதினேன்.

"என் முட்டியும் இப்படித்தான் இருந்துச்சு தம்பி. அவசரப்பட்டு நடந்தேன், மொத்தமும் போச்சு. வலிச்சா விட்டுருங்க. ஓய்வுதான் மருந்து."

நன்றி டீச்சர் என்று அனுப்பினான். மறுநாளிலிருந்து அவன் வாக்கரைத் தொடவில்லை. நான் அதில் துண்டு காயப்போட்டேன். நேற்று உள்ளே வந்ததும் நீங்கள் முதலில் பார்த்தது அதைத்தான். அந்தத் துண்டை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

நேற்று முட்டியின் கோணத்தை அளந்துவிட்டு, இதற்கு மேல் மடங்காது என்றீர்கள். மாலையில் வீட்டுக்கு வந்த டாக்டரும் அதையே சொன்னார், இனி சக்கர நாற்காலிதான் என்று. அந்த வேலைக்கும் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். உங்கள் நோயாளியின் கால்களைக் கெடுத்தது விபத்து இல்லை. நான். அவன் போய்விடுவானே என்பதற்காக.

டாக்டர் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். தெரிந்து தொலையட்டும் என்றும் இருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லீக்ல யாருக்கும் என் காலப் பத்திச் சொல்லாதடா. முக்கியமா டீச்சருக்கு. பாவம், நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

சரிண்ணே என்றேன்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பும் முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுந்து அவன் அறை வாசல்வரை போனேன். அவன் தலை வாரி, தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தான். இன்று இறுதி ஆட்டம், அவனும் டீச்சரும். இத்தனை நாள் காத்திருந்த ஆட்டத்தைக் கெடுப்பானேன், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். இப்போது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அழைப்பு வந்துவிட்டது. கூடவே, உடம்பு எப்படி இருக்கிறது டீச்சர் என்று கேட்டிருக்கிறான். நன்றாக இருக்கிறேன், உங்கள் கால் எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரியே ஓய்வு எடுத்தேன் டீச்சர். இப்ப நல்லா நடக்குறேன்."

ரொம்ப சந்தோஷம் தம்பி என்று எழுதிவிட்டு, ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டேன்.